கிழங்கு பிகோனியா கேட்பவர்களுக்கு, எங்கள் நாற்றுப்பண்ணையிலிருந்து

தங்கச்சிமடம்
கார்த்திகை

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

சென்ற சித்திரையில் மலையிலிருந்து கிழங்கு பிகோனியா 40 தொட்டி இறக்கினோம். மல்லிகை நாற்றுக்கு வந்தவர்கள்கூட அந்த ஆரஞ்சுப் பூவைப் பார்த்துவிட்டு ஆளுக்கொன்று தூக்கிப்போனார்கள். மூன்றாவது வாரம் பெரியபட்டினத்து லாத்தா (அக்கா) ஒருவர் தொட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "தம்பி, எனக்கு விற்றது பூச்செடியா, ஐஸ்கட்டியா?" தண்டு இருந்த இடத்தில் வெந்த வெங்காயம் போலக் குழைந்து கிடந்தது. அவர் வளர்த்ததில் குறை சொல்ல எதுவுமில்லை. சித்திரையில் அதை இங்கே விற்றது எங்கள் பிசகு. இந்த ஆண்டும் பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால், விற்கும் முன்பே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

இதன் மூதாதைகள் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச் சரிவுகளில் வளர்ந்தவை. 1860களில் ரிச்சர்ட் பியர்ஸ் என்பவர் பொலிவியா, பெரு பக்கம் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பிய இனங்களைக் கலந்து, 1870இல் முதல் கலப்பினம் விற்பனைக்கு வந்தது. இன்று தொட்டிக்கென்று வாங்கும் குட்டை ரகங்கள், குறிப்பாக 'நான்ஸ்டாப்' வரிசை, ஒரு சாண் உயரத்துக்குச் சற்றே மேலே நின்று, அடர்ந்து பூக்கும். பெயர் நான்ஸ்டாப்தான், பங்குனி வெயிலுக்கு அந்தப் பெயர் தெரியாது.

பகலில் வெப்பம் 20 முதல் 25 பாகை (டிகிரி செல்சியஸ்), இரவில் 15, 16 பாகை இருந்தால் இந்தச் செடிக்குச் சுகம். நம் கரையில் தை மாதத்து இரவிலும் 22க்குக் கீழே இறங்குவது அரிது. பகலில் செடி சேர்த்த சத்தை இரவுப் புழுக்கத்திலேயே செலவழித்துவிட்டால் மொட்டுக்கு என்ன மிஞ்சும்? மொட்டு உதிர்கிறது. இது ஒரு சிக்கல். அடுத்தது வெளிச்சம். பகல் பொழுது 12 மணி நேரத்துக்குக் கீழே போனால் பூப்பதை நிறுத்திவிட்டுக் கிழங்கைப் பருக்க வைக்கும் குணம் இதற்கு உண்டு. மார்கழியில் நமக்குப் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். ஆக, கொஞ்சம் குளிர் கிடைக்கும் மாதத்தில் வெளிச்சம் போதாது. பகல் நீளும் மாதத்தில் வெயில் விடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது, அதில்தான் நாம் நுழைய வேண்டும்.

கார்த்திகை கடைசியில் வாங்கி, மாசி வரை வைத்திருங்கள். மாலை 6 மணி முதல் 9 மணி வரை செடிக்கு மேலே சாதாரண எல்.இ.டி. விளக்கு ஒன்று எரியட்டும். செடி அதையும் பகலென்றே கணக்கு வைத்துக்கொள்ளும். திண்ணை விளக்கே போதும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

வைக்கும் இடம் கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த திண்ணை. காலை 8 மணி வரை வெயில் பட்டால் நல்லது, அதற்குமேல் வேண்டாம். வாடைமழைச் சாரலும் படக்கூடாது. ஈர இலையில் சாம்பல் பூஞ்சை ஏறிவிட்டால் இரண்டே நாளில் தண்டுக்கு இறங்கும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பாதிச் செடிகள் போயின. போர் தண்ணீர் வேண்டாம். அது உவர் என்பது உங்களுக்கே தெரியும். மண்தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்குமே, அதே உப்புதான் இலையோரத்தைக் கருக்குகிறது. மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட மேலானது இல்லை. இல்லையென்றால் ஏ.சி.யில் சொட்டும் நீர், அதுவும் இல்லையென்றால் குடிக்க வாங்கும் தண்ணீரில் ஒரு செம்பு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவு நீரை ஊற்றிவிடாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். மீன் கழுவிய நீரும் இதற்கு ஆகாது. முருங்கைக்கு ஊற்றுங்கள், சந்தோஷப்படும்.

இன்னொன்று. மதியம் மூன்று மணிக்குச் செடி தலை தொங்கி நிற்கும். பார்த்தால் பாவமாக இருக்கும், கை தானாகச் செம்பை எடுக்கும். கொஞ்சம் பொறுங்கள். விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அது தாகம் இல்லை, சூடு. அப்போது மேலும் ஊற்றினால் வேர் மூச்சுமுட்டி அழுகும். செடியை இன்னும் நிழலுக்கு நகர்த்துங்கள். அல்லது தொட்டியைப் பெரிய மண்தொட்டி ஒன்றுக்குள் இறக்கி, இடைவெளியில் ஈர மணலை நிரப்புங்கள். மண்பானை குளிர்வது போலவே வேர்ப்பகுதியும் குளிரும். லாத்தாவின் தொட்டியில் என்ன நடந்தது என்று பின்னால் விசாரித்தபோது, ஒரு நாளைக்கு மூன்று முறை தண்ணீர் விட்டதாகச் சொன்னார். அவ்வளவு அக்கறை!

மண்ணுக்கு இரண்டு பங்கு தேங்காய் நார்க்கழிவு, ஒரு பங்கு மண்புழு உரம், ஒரு பங்கு ஆற்றுமணல். நம் பக்கத்து நார்க்கழிவில் உப்பு இருக்கும். மூன்று நான்கு முறை நல்ல நீரில் அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். கடல்மணல் கூடவே கூடாது. உப்பு ஒரு பக்கம் இருக்க, சிப்பியும் பவளத்தூளும் கலந்த சுண்ணாம்பு மண் அது. இந்தச் செடிக்கோ லேசான புளிப்பு (அமில) மண்தான் ஒத்துக்கொள்ளும்.

அதனால்தான் கடல்மணல் கலந்த தோட்டத்துப் பாத்தியில் நேரடியாக நட வேண்டாம் என்கிறோம். பாத்தியில் பார்க்கத்தான் ஆசை என்றால் தொட்டியோடு கழுத்து வரை புதையுங்கள், மாசியில் அப்படியே எடுத்துவிடலாம். இலைநுனி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கமே பூவும் முகம் காட்டும். நுனிகள் வாசலைப் பார்க்கும்படி வையுங்கள். திருப்பி வைத்துவிட்டு, "பூவெல்லாம் சுவரைப் பார்க்கிறது" என்று போன் செய்தவர்கள் உண்டு.

பூவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரே காம்பில் நடுவில் ரோஜா போல அடுக்கடுக்காக இருப்பது ஆண்பூ. இருபுறமும் சிறிதாக, பின்னால் மூன்று சிறகு வைத்த பச்சைக் காயோடு இருப்பவை பெண்பூக்கள். அந்தச் சின்ன இரண்டையும் கிள்ளிவிட்டால் நடுப்பூ பெரிதாகும். எங்களுக்குக் கிள்ள மனம் வருவதில்லை, உங்கள் விருப்பம்.

கிழங்காக வாங்குபவர்களுக்கு: குழிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும், முளை அங்கேதான் வரும். மண்ணின் மேல்மட்டத்தில் பதித்தால் போதும். அந்தக் குழியில் தண்ணீர் தேங்கினால் அழுகல்தான். மாசியில் இலை மஞ்சளித்ததும் தண்ணீரைக் குறைத்து, தண்டு தானாகக் கழன்று விழும்வரை விட்டு, கிழங்கை நிழலில் உலர்த்தி, காய்ந்த மணலோடு காகிதப் பெட்டியில் போட்டுக் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வைக்கலாம். நாங்கள் வைத்ததில் சில முளைத்தன, பல சுருங்கிப்போயின. அடுத்த ஆண்டுக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

ஆண்டு முழுக்கப் பூ வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. நிழல் இருந்தால் மூங்கில் போலத் தண்டு நீளும் ஏஞ்சல் விங் பிகோனியா எவ்வளவோ தாங்கும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நேராக அடிக்கும் வாசல் என்றால் நித்தியகல்யாணி, காகிதப்பூ, அரளி இவற்றை விட்டால் வழியில்லை.

இனிப் பங்குனி முதல் ஐப்பசி வரை கிழங்கு பிகோனியாவை விற்க மாட்டோம், கேட்டாலும் தர மாட்டோம். இந்த மாதக் கடைசியில் 25 தொட்டி மட்டும் வருகிறது. சித்திரையில் வாங்கி இழந்தவர்கள் அந்தப் பழைய தொட்டியைக் கொண்டுவந்தால், ஒரு செடி விலையில்லாமல் தருகிறோம்; பணம்தான் வேண்டும் என்றால் பணம். லாத்தாவுக்கு ஒன்று எடுத்து வைத்தாகிவிட்டது. அலசிய நார்க்கழிவு பண்ணையிலேயே கிடைக்கும், சாக்கு மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
நாற்றுப்பண்ணையார்