கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் முன்

ஜார்ஜ் டவுன், பினாங்கு
செப்டம்பர் 22

அன்பு மகள் தேன்மொழிக்கு அப்பா எழுதுவது.

உன் செய்தியைப் பார்த்தேன். இலையுதிர்காலம் வந்ததும் ஆபீசில் எல்லாரும் புதுசு புதுசாகப் போட்டு வருகிறார்கள், நான் மட்டும் போன வருஷத்துக் கறுப்பு ஜாக்கெட்டோடு நிற்கிறேன், 200 பவுண்டு ஒதுக்கி வைத்திருக்கிறேன், என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி காதில் விழாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இது தையல்காரன் சொல்கிற பதில். துணிக்கடைக்காரனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்.

நமக்கு இங்கே வருஷம் பூராவும் 32 டிகிரி. புதுத் துணிக்கு ஒரே கணக்கு தீபாவளிதான். உனக்கு அங்கே குளிரும் தீபாவளியும் கிட்டத்தட்ட ஒரே மாதத்தில் வருகின்றன. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துவிட்டால் இங்கிலாந்தில், உன் லீட்ஸில், நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். அதற்கு முன்னால் வேலையை முடித்துவிடு. அந்த 200 பவுண்டையும் ஒரே ஒரு கோட்டில் போடு. மிச்சமெல்லாம் ஊசி நூலால் ஆகிற காரியம்.

கோட்டுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பகல் வெளிச்சம் இருக்கும்போதே, இருக்கிற துணியை எல்லாம் கட்டில்மேல் கொட்டு. விளக்கு வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத்தான் தெரியும். கம்பளி ஸ்வெட்டர் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் விரித்து ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடி. குண்டூசித் தலை அளவுக்குப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வந்தால் அது அந்துப்பூச்சி வேலை. பறக்கிற பூச்சி துணியைத் தின்பதில்லை. அது இட்ட முட்டையிலிருந்து வருகிற புழுதான் தின்னும். அதிலும் வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடத்தைத்தான் முதலில் தேடிப் போகும். கழுத்தையும் அக்குளையும் பார். ஓட்டை கண்ட துணியைத் தனியாகப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, −18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் போட்டு வை. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதே. அறைச் சூட்டுக்கு வரும்வரை கட்டியபடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் துணிமேல் ஈரம் பூத்துவிடும். பாச்சை உருண்டை மட்டும் வேண்டாம். அந்த வாடை கம்பளியில் ஏறினால் அந்தக் குளிர்காலம் முழுக்க உன்னோடுதான் ஆபீசுக்கு வரும்.

உருண்டை உருண்டையாகத் திரண்டு கிடக்கிற ஸ்வெட்டர்தான் பழசாகத் தெரியும். அதைத் தூக்கிப் போடாதே. மேசைமேல் இழுத்துப் பரப்பி, அதற்கென்று விற்கிற சின்னச் சீப்பால் ஒரே திசையில் இழு. முன்னும் பின்னும் தேய்த்தால் இழை அறுந்துவிடும். தூய கம்பளியில் இந்த உருண்டைகள் நாளடைவில் தாமே உதிர்ந்துவிடும். அக்ரிலிக்கில் உதிராது, அந்த இழைக்குப் பலம் அதிகம், உருண்டையை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். கடையில் விலை உயர்ந்த பொருளைப் போலிருந்த அக்ரிலிக் ஸ்வெட்டர் ஆறு வாரத்தில் பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, சரக்காகிவிடுவது இதனால்தான்.

சிலுவார்களில், அதாவது கால்சட்டைகளில், நீளத்தை மட்டும் பார். பூட்ஸ் போட்டுக்கொண்டு நில். பின்பக்க விளிம்பு குதிகாலுக்கு மேல் ஒரு விரல் உயரத்தில் நிற்க வேண்டும். தரையைத் தொட்டால் மழைத் தண்ணீரை முழங்கால்வரை உறிஞ்சி ஏற்றிவிடும்.

இனி கோட். நீ இருக்கிற ஊரே கம்பளி ஊர் என்பது உனக்குத் தெரியுமா? ஆர்ம்லியில் இருக்கிற பழைய ஆலை ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய கம்பளி ஆலையாக இருந்தது, இப்போது மியூசியம். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் தொடங்கியதே 1884இல் உங்கள் கர்க்கேட் மார்க்கெட்டில், ஒரு பென்னி சாமான் கடையாக. பக்கத்து ஹடர்ஸ்ஃபீல்டில் நெய்த சூட்டுத் துணி இங்கே பினாங்குத் தையல் கடைகள்வரை வந்தது. துணியின் கரையிலேயே ஊர்ப் பெயர் நெய்திருக்கும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இணையத்தில் பாலியஸ்டர் கோட் தேடாதே. ஆக்ஸ்ஃபாம் மாதிரி, தானமாக வந்த பழைய துணியை விற்கிற தர்மக் கடைகளுக்குப் போ. இங்கே நாம் பண்டல் கடை என்று சொல்வோமே, அந்த மாதிரிதான், ஆனால் சுத்தமாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஆண்கள் பகுதியையும் பார். ஆண்கள் கோட்டில் பெரும்பாலும் துணி கெட்டியாக இருக்கும், உள்பை இருக்கும். பெண்கள் கோட்டில் பை மாதிரி மடல் வைத்துத் தைத்துவிட்டு உள்ளே ஒன்றுமே வைக்காத அநியாயம் நிறைய நடக்கிறது.

முதலில் உள்ளே இருக்கிற லேபிள். கம்பளி 70 சதவீதத்துக்குக் குறைந்தால் வைத்துவிடு. கோட்டுத் துணி சதுர மீட்டருக்கு 400 முதல் 600 கிராம்வரை இருக்கும். உன் கையில் தராசு இல்லை, அதனால் துணியைக் கைக்குள் கசக்கிப் பிடித்து ஐந்து எண்ணிவிட்டு விடு. சுருக்கம் தானாக விரிய வேண்டும்.

அடுத்து தோள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. கை நீளத்தைக் குறைக்கலாம், இடுப்பைப் பிடிக்கலாம், கோட்டின் உயரத்தைக் கூட வெட்டலாம். தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையைப் பிரித்து, காலரைப் பிரித்து, லைனிங்கைப் பிரித்து மறுபடி ஒரு கோட் தைப்பதற்குச் சமம். கோட்டு விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். போட்டுப் பார்க்கும்போது உள்ளே உன்னிடம் இருப்பதிலேயே தடித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். தோள் தையல் உன் தோளெலும்பின் முனையில் அல்லது அரை இன்ச் வெளியே நிற்கலாம். அதற்குமேல் இறங்கினால் இரவல் கோட் மாதிரி இருக்கும்.

பிறகு இரண்டு கையையும் முன்னால் கொண்டுவந்து உன்னை நீயே கட்டிப்பிடி. முதுகு இறுகினால் பெரிய அளவு வேண்டும். பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி ஒரு கையைத் தூக்கு. கோட் முழுவதும் காதுவரை ஏறி வந்தால் கைக்குழி கீழே இறக்கி வெட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். கைக்குழி அக்குளுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் கை தனியாக அசையும். எல்லா உடம்புக்கும் பொருந்தட்டும் என்று மலிவு கோட்டுகளில் இறக்கி வெட்டிவிடுவார்கள். இதை எந்தத் தையல்காரராலும் சரிசெய்ய முடியாது, துணி இல்லாத இடத்தில் துணியை எங்கிருந்து கொண்டுவருவது?

உள்ளே திருப்பிப் பார். முதுகு நடுவில் லைனிங்கில் ஒரு மடிப்பு விட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் குனியும்போதெல்லாம் லைனிங் இழுபட்டு, கைக்குழி ஓரத்தில் கிழியும். லைனிங் கிழிந்திருந்தால் பயப்படாதே, அதைக் காட்டி விலை கேட்கலாம். மார்புப் பக்கம் துணி கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தால் மட்டும் வேண்டாம். உள்ளே ஒட்டிய கேன்வாஸின் பசை விட்டுப்போயிருக்கிறது. அயர்ன் பண்ணினால் இன்னும் மோசமாகும்.

வாங்கியதும், புதுக் கோட்டாக இருந்தால், பின்னால் பிளவில் பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் இருக்கும். வழியில் கசங்காமலிருக்கக் கடையில் போட்டது அது. வெட்டிவிடு. கைநுனியில் வெளியே தைத்த கம்பெனி லேபிளையும் பிரித்துவிடு. இரண்டையும் வைத்துக்கொண்டே வருஷக்கணக்காகப் போட்டுத் திரிகிறவர்களை நம் ஊர்க் கல்யாணங்களிலேயே பார்க்கலாம். பைகளும் தைத்து மூடியிருக்கும்; நல்ல பை உள்ளே இருந்தால் நூலைப் பிரித்துக்கொள். பொத்தான்களை அன்றைக்கே மறுபடி தைத்துவிடு. பொத்தானுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் நூலை ஆறு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடு. தடித்த துணி காஜாவுக்குள் உட்கார அந்த இடைவெளி தேவை. ஒட்டித் தைத்தால் துணி சுருங்கி இழுக்கும், பொத்தானும் சீக்கிரம் பறந்துபோகும்.

உள்ளே போடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே வெளியே பத்து டிகிரி, ஆபீசுக்குள் இருபது. ஒரே தடித்த ஸ்வெட்டர் போட்டால் உள்ளே வேகும், வெளியே போதாது. மெல்லியதாக இரண்டு போடு. தோலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். பஸ்ஸுக்கு ஓடி வியர்த்தால் பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிச் சில்லிடும். கம்பளி தன் இழைக்குள் ஈரத்தை வாங்கிக்கொண்டும் காய்ந்த மாதிரி இருக்கும். கம்பளி குத்துகிறது என்பாய். 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழைதான் குத்தும்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மெரினோ என்கிற மெல்லிய ஆட்டுக் கம்பளியில் 19.5 மைக்ரான் அல்லது அதற்குக் குறைவு என்று போட்டிருந்தால் தைரியமாக வாங்கு. துவைக்கிற மிஷினில் கம்பளிக்கான சுற்றில், 30 டிகிரித் தண்ணீரில் துவைத்து, துண்டில் சுருட்டி அழுத்திவிட்டு, தட்டையாகக் காயப்போடு. கம்பளி இழையில் செதில் இருக்கும். சூடும் உருட்டலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு ஸ்வெட்டர் குழந்தைச் சட்டையாகிவிடும்.

புதுசாகத் தெரிய வேண்டும் என்பதுதானே உன் குறை? அது முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிற காரியம். நம் நிறத்துக்குக் கறுப்பும் சாம்பலும் அந்த மப்பு வெளிச்சத்தில் எடுக்காது. மாம்பழ மஞ்சள், அரக்கு, மயில்கழுத்துப் பச்சை இவைதான் எடுக்கும். அதற்கு ஸ்வெட்டர் வாங்காதே. அம்மாவின் பழைய பட்டுப் புடவை ஒன்று அரக்கில் இருக்கிறது, முந்தானை போய்விட்டது, உடல் நன்றாக இருக்கிறது. பழைய பட்டு மடிப்புக் கோட்டில்தான் முதலில் விடும். அதனால் மடிப்பு மடிப்பாக வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் பிளக்கிறது. அவற்றைத் தவிர்த்து வெட்டினால் 180 சென்டிமீட்டர் நீளம், 56 சென்டிமீட்டர் அகலத்தில் நாலு ஸ்கார்ஃப் தேறும். சரிகைக் கரையை விட்டுவிடுவேன், அது ஸ்வெட்டர் இழையில் மாட்டி இழுக்கும். ஓரத்தை மிஷினில் அடிக்காமல் கையால் சுருட்டித் தைக்கிறேன், மிஷின் தையல் பட்டில் விறைப்பாக நிற்கும்.

தீபாவளிக்குப் புடவை கட்டுவதாக இருந்தால் இதைக் கவனி. உள்ளே தெர்மல், அதாவது குளிருக்கு உடம்போடு ஒட்டிப் போடுகிற உள்சட்டை, போடுவாய் அல்லவா, அதன் கழுத்து புடவை ஜாக்கெட் கழுத்துக்கு வெளியே தெரியக் கூடாது. கழுத்து இறங்கிய தெர்மலாக வாங்கு. நான் ஜாக்கெட் முன்கழுத்தை ஒரு இன்ச் ஏற்றி, முக்கால் கை வைத்துத் தைக்கிறேன். பாவாடைக்குள் கம்பளி காலுறை போடு. புடவையை எந்தப் பூட்ஸோடு போகிறாயோ அதைப் போட்டுக்கொண்டு கட்டு. தெருவில் நடக்கும்போது கொசுவத்தை இரண்டு இன்ச் தூக்கிப் பின் குத்திக்கொள், உள்ளே போனதும் எடுத்துவிடலாம். தோளில் முந்தானை மடிப்பு இருப்பதால் மேலே போடுகிற கோட் ராக்லன் கையாக, அதாவது கைத் தையல் கழுத்திலிருந்து சாய்வாக இறங்குவதாக இருந்தால் நல்லது. கோட் வாங்கும்போது இதையும் மனதில் வை.

ஒரு விஷயம். அடுத்த முறை குளிர்ச் சாமான்களை இங்கே விட்டுப் போகாதே. நீ அலமாரியில் வைத்துப் போன பூட்ஸின் அடி பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. பாலியூரித்தேன் அடி நம் ஊர் ஈரக்காற்றில் சும்மா வைத்திருந்தாலே உடையும்.

ஜாக்கெட்டும் ஸ்கார்ஃபும் ஒரே பார்சலில் போடுகிறேன். பரிசுப் பொருள் 39 பவுண்டுக்கு மேல் போனால் அங்கே வரி கேட்பார்கள், அதற்குள் நிறுத்திக்கொள்வேன். வருகிற ஞாயிற்றுக்குள் அளவு அனுப்பு. தெர்மலைப் போட்டுக்கொண்டுதான் எடுக்க வேண்டும்: மார்புச் சுற்று, அதற்குக் கீழே சுற்று, தோள் முனையிலிருந்து தோள் முனைக்கு, முழங்கைக்குக் கீழே கைச் சுற்று, கைக்குழிச் சுற்று, கழுத்தடியிலிருந்து ஜாக்கெட் முடிகிற இடம்வரை முதுகு நீளம். டேப்புக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு விரல் இருக்கட்டும். நீயே எடுத்தால் கை தூக்கும்போது மார்பு அளவு மாறிவிடும், கூட இருக்கிற பெண்ணை எடுக்கச் சொல். டேப் இல்லையென்றால் நீளாத நூலைச் சுற்றிக் குறி வைத்து, ஏ4 தாளின் நீளப் பக்கத்தில் வைத்துப் பார், அது 29.7 சென்டிமீட்டர்.

அன்புடன்,
அப்பா