புனாட்சாங்சு நீர்மின் நிலையத்தின் நினைவில் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். பூட்டானின் புனாட்சாங்சு ஆற்றில் இந்தியாவும் பூட்டானும் சேர்ந்து கட்டிய, நானும் பொறியாளனாக வேலைசெய்த 1020 மெகாவாட் புனாட்சாங்சு இரண்டாம் நீர்மின் நிலையத்தை, 2025 நவம்பர் 11 அன்று பூட்டான் மன்னரும் இந்தியப் பிரதமரும் தொடங்கி வைத்தார்கள். மேடையில் சொல்ல வேண்டிய நன்றிகள் முறைப்படி சொல்லப்பட்டுவிட்டன. இந்தியா தந்ததில் 30 விழுக்காடு மானியம், 70 விழுக்காடு கடன் என்னும் கணக்கும் பலரும் அறிந்ததே. மேடைப் பக்கமே வராத சிலருக்கு நான் பட்ட கடன் அந்தக் கணக்கில் சேராது என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

2016 மார்ச்சில் கீழ்ப்புற சர்ஜ் கேலரியில், அதாவது டர்பைனிலிருந்து வெளியேறும் நீரின் அழுத்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதற்கான நிலத்தடிக் கூடத்தில், பாறை சரிந்து தோழர்கள் சிலர் இறந்தார்கள். அதை மீண்டும் விவரிக்க மனமில்லை. அதன் பின் மலைக்குள் கால் வைக்கும்போதெல்லாம், தலைக்கு மேலிருக்கும் பாறையை ஒருமுறை நிமிர்ந்து பார்க்காமல் எங்களில் எவரும் நடந்ததில்லை.

அந்த நாட்களில் சுரங்க வாயிலுக்குச் சற்றுத் தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு சிறு கடையை நடத்திவந்தவர், நாங்கள் அக்கா என்றே அழைத்த பூட்டானியப் பெண்மணி ஒருவர். ஷிப்டு மாறும் வேளையில் அவர் பெரிய பிளாஸ்க் ஒன்றைச் சுமந்துகொண்டு வாயிலுக்கே வந்துவிடுவார். அதில் இருப்பது சுஜா, அதாவது வெண்ணெயும் உப்பும் சேர்த்துக் கடைந்த தேநீர். திருச்சியில் டிகிரி காப்பி குடித்து வளர்ந்த எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. மரியாதைக்காக இரண்டு மடக்கு விழுங்கிவிட்டுக் கோப்பையை ஓரமாக வைத்ததை அவர் கவனித்திருக்கிறார். அதுபற்றி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் பிளாஸ்கோடு ஒரு சின்னத் தூக்கும் வந்தது. அதில் பாலும் சர்க்கரையும் இட்டு, இஞ்சி தட்டிப் போட்ட தேநீர், எனக்கென்று தனியாக.

அதைவிட முக்கியமான ஒன்றை நான் தாமதமாகத்தான் கண்டேன். உள்ளே போகும் ஒவ்வொருவருக்காகவும் அவர் கடைப் பலகையில் ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைப்பார். ஆள் வெளியே வந்ததும் அதை நிமிர்த்தித் தேநீர் ஊற்றுவார். கவிழ்ந்த கோப்பை ஒன்று இருக்கும்வரை, எவ்வளவு நேரமானாலும் கடையைச் சாத்தமாட்டார். பாதுகாப்புப் பிரிவின் பதிவேடு வேறு இருந்தது, அது இருந்தே ஆகவேண்டியதும்கூட. ஆனால் நம்மை ஒருவர் எண்ணிக்கொண்டு காத்திருக்கிறார் என்ற நினைப்பு, ஷாட்கிரீட் (பாறைமேல் பீய்ச்சி அடிக்கும் கான்கிரீட்) அடித்த ஈரம் காயாத சுவர்களுக்கு நடுவே எவ்வளவு தெம்பு தரும் என்பதைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு உள்ளே போனவர்களே சொல்ல முடியும். காசு கொடுத்தால், குளிர்காயும் புகாரி அடுப்புக்கு விறகு வாங்க வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் கையிலேயே திருப்பி வைத்துவிடுவார்.

மற்றவர்களையும் நினைக்கிறேன். அணையிலிருந்து மின்நிலையத்துக்கு நீரைக் கொண்டுவரும், எட்டு கிலோமீட்டருக்கும் மேலான தலைச்சுரங்கத்தைக் குடைந்த ஜார்க்கண்ட், பீகார் தொழிலாளர்கள். எல்லை நகரான புன்சோலிங்கிலிருந்து மழைக்காலச் சரிவுகளைத் தாண்டிச் சரக்குக் கொண்டுவந்த ஓட்டுநர்கள். பெருந்தொற்றில் எல்லை அடைபட்டிருந்தபோதும் ஊருக்குத் திரும்பாமல் தங்கிய தோழர்கள். எங்களுக்குப் பாறையைக் கற்றுத் தந்ததோடு மிளகாயைக் காய்கறியாகத் தின்னவும் கற்றுத் தந்த பூட்டானியப் பொறியாளர்கள். தலா 170 மெகாவாட் திறனுள்ள ஆறு இயந்திரங்களை நிறுவிய பெல் (BHEL) நிறுவனத்தார். பெல் என்றால் கொதிகலன் என்றே வளர்ந்த திருச்சிக்காரனுக்கு, போபாலில் டர்பைன் செய்பவர்களும் நம்மவர்களே என்று நிரூபித்தார்கள். அனைவருக்கும் என் வணக்கம். திரும்பி வராத தோழர்களின் குடும்பங்களுக்கு நன்றி என்று எழுதக் கை வரவில்லை. அந்த நிலையத்தில் எரியும் ஒவ்வொரு விளக்கிலும் அவர்களுக்குப் பங்கு உண்டு.

இதே ஆற்றில், வலக்கரை மலைச்சரிவு நகர்ந்ததால் அணைவேலை நின்றுபோன 1200 மெகாவாட் முதல் திட்டத்தை மீண்டும் தொடங்க இரு நாடுகளும் இசைந்திருக்கின்றன. வயதையும் முழங்கால் வலியையும் காட்டி வீட்டில் தடுப்பார்கள் என்பது தெரிந்தும் சொல்கிறேன்: கூப்பிட்டால் போவேன். போகும்போது அக்காவுக்கு இரண்டு கிலோ காப்பிப் பொடியும் ஒரு பித்தளை பில்டரும் கொண்டுபோவேன். அவருக்கு அது தொண்டையில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

நன்றியுடன்,
திருச்சியிலிருந்து ஒரு பொறியாளன்