மேக்னம் சோம்பேறியின் துப்பாக்கி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் கணினி விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையில் 'ஹாஃப் லைஃப்' என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டத் தொடரின் '.357 மேக்னம்' ரிவால்வருக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். அதற்கு நன்றி. தமிழ் நாளிதழில் இந்தப் பெயரைப் பார்ப்பதே அபூர்வம். ஆனால் 'ஒரே குண்டில் எதிரி காலி, குறிகூடப் பார்க்க வேண்டாம், சோம்பேறிகளுக்கென்றே செய்த ஆயுதம்' என்று எழுதியிருப்பதை, சாயங்காலமானால் அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு பக்கம் கேமிங் சென்டரில் உட்காரும் எந்தக் கல்லூரிப் பையனும் ஒப்புக்கொள்ள மாட்டான். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் நேர்மாறு.

1998-இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட முதல் ஆட்டத்தில் .357 மேக்னத்தின் ஒரு குண்டுக்கு டேமேஜ், அதாவது எதிரிக்கு விழும் அடி, 40. அதே ஆட்டத்தில் சாதாரண பிஸ்டலுக்கு 8. ஒன்றுக்கு ஐந்து என்பதைப் பார்த்துத்தான் கட்டுரையாளர் மயங்கியிருக்க வேண்டும். சிலிண்டரில் 6 தோட்டா, கையிருப்பில் அதிகபட்சம் 36, ஆக மொத்தம் 42 என்பதை அவர் எழுதவில்லை. பிஸ்டலுக்கோ கையிருப்பு மட்டும் 250 வரை வைத்துக்கொள்ளலாம். எதிரே வரும் ராணுவ வீரனுக்கு ஆட்டத்தின் நடுத்தர நிலையில் ஹெல்த், அதாவது உயிர்க் கணக்கு, 50. உடம்பில் ஒரு குண்டு போனால் அவனிடம் 10 மிச்சமிருக்கும், அவன் திருப்பிச் சுடுவான். நீங்கள் அடுத்த குண்டைச் சுட முக்கால் விநாடி ஆகும். அந்த முக்கால் விநாடிக்குள் அவனிடமிருந்து வாங்கும் அடி கொஞ்சநஞ்சமல்ல. இதில் ஒரே குண்டு எங்கே வந்தது?

தலையில் சுட்டால் வரும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தலைக்கு அடி மூன்று மடங்கு. ஆனால் சில வீரர்கள் ஹெல்மெட் போட்டிருப்பார்கள். குண்டு ஹெல்மெட்டில் பட்டால், மடங்கு போடுவதற்கு முன்பே ஆட்டம் அதிலிருந்து 20-ஐக் கழித்துவிடும். பிஸ்டலின் 8-இல் 20 போனால் எதுவும் மிஞ்சாது. 'டிங்' என்று சத்தம் வந்து குண்டு தெறித்துப் போகும், அவ்வளவுதான். மேக்னத்தின் 40-இல் 20 போக மீதி 20, அதன் மூன்று மடங்கு 60. ஐம்பது ஹெல்த் உள்ளவன் விழுந்தான். ஹார்ட் மோடில், அதாவது கடின நிலையில், அதே வீரனுக்கு ஹெல்த் 80 என்பதால் அதே 60-ஐ வாங்கிக்கொண்டும் நிற்பான். ஹெல்மெட் இல்லாத தலை என்றால் 120, எந்த நிலையிலும் கதை முடிந்தது. ஆகவே கூட்டமாக வந்தால் இன்னாரை முதலில் சுடுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கெல்லாம் இங்கே வேலையில்லை. யார் தலையில் எது இருக்கிறது என்று பார்த்துச் சுட வேண்டும். 'குறிகூடப் பார்க்க வேண்டாம்' என்ற ஆயுதம் கேட்கும் வேலையா இது?

2004-இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில் டேமேஜ் 75 ஆக ஏறியது. கட்டுரையாளர் இதையும் குறிப்பிட்டிருக்கிறார், சரிதான். ஆனால் கையிருப்பு 36 என்று எழுதியது பிழை. இரண்டாம் ஆட்டத்தில் கையிருப்பு 12 மட்டுமே. சிலிண்டரோடு சேர்த்து 18. பெருக்கிப் பாருங்கள். முதல் ஆட்டத்தில் 42 தோட்டாவும் சேர்ந்து 1,680. இரண்டாவதில் 18 தோட்டாவும் சேர்ந்து 1,350. ஒவ்வொரு குண்டும் ஏறக்குறைய இரட்டிப்பு வலுவானது, மொத்தப் பையோ சுருங்கியது. வால்வ்காரர்கள் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டார்கள். இந்த ஆயுதத்தை வடிவமைத்ததில் எங்களுக்குப் பிடித்த இடமே இதுதான்.

அந்த 75 எதற்கு என்பதும் தெளிவு. இரண்டாம் ஆட்டத்தின் எதிரிப் படையான கம்பைனின் சாதா வீரனுக்கு ஹெல்த் 50, வெள்ளை உடையும் ஒற்றைச் சிவப்புக் கண்ணுமாக வரும் எலைட் வீரனுக்கு 70. இரண்டு பேருமே நடுத்தர நிலையில் உடம்பில் ஒரே குண்டுக்கு விழுவார்கள். கட்டுரையாளர் சொன்ன 'ஒரே குண்டு' இங்கே, இந்த அளவுக்கு மட்டும் உண்மை. ஹார்ட் மோடில் நாம் கொடுக்கும் அடி முக்கால் பங்காகக் குறைந்து 56.25 ஆகிவிடும். சாதா வீரன் அப்போதும் ஒரு குண்டு. எலைட்டுக்குத் தலையில் சுட்டாக வேண்டும், தலைக்கு இரண்டு மடங்கு. முதுகில் விஷ ஹெட்கிராபுகளை (தலையில் தாவி ஒட்டும் சிறு ஜந்துகளை) சுமந்து வரும் பெரிய ஜாம்பிக்கு ஹெல்த் 175. ஹார்ட் மோடில் உடம்பில் மூன்று குண்டு போட்டால் 168.75. ஆறேகால் பாக்கி! அந்த ஆறேகாலுக்காக நான்காவது மேக்னம் தோட்டாவைச் செலவழிப்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பிஸ்டலுக்கு மாறி இரண்டு குண்டு போட்டால் போதும்.

குறி விஷயத்துக்கு வருவோம். இரண்டாம் ஆட்டத்தில் மேக்னத்தின் குண்டு சிதறவே சிதறாது. திரையில் குறிப் புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கேயே போகும். முதல் ஆட்டத்தில் இலேசான சிதறல் உண்டு. ஆனால் சுட்ட பிறகு நடப்பதைக் கவனியுங்கள். திரை மேலே எகிறிக் குதித்து இறங்குவது எல்லோருக்கும் தெரியும். அது கண்ணுக்குக் காட்டும் அதிர்ச்சி, தானாகத் திரும்பிவிடும். இரண்டாம் ஆட்டத்தில் அதற்கடியில் இன்னொன்று நடக்கிறது. நம் பார்வையே மேலும் கீழும், இடமும் வலமும் ஒரு டிகிரி வரை ஏதாவதொரு பக்கம் நகர்த்தப்படுகிறது. இது தானாகத் திரும்பாது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். 20 மீட்டர் தூரத்தில் அது 35 சென்டிமீட்டர், அதாவது ஒரு தலையைத் தாண்டிப் போகிற தூரம். மவுஸை அசைக்காமல் இரண்டாவது குண்டைச் சுட்டவர்கள் 'லாக், லாக்' (கணினி தாமதிக்கிறது) என்று சென்டர்காரரிடம் சண்டைக்குப் போவது இதனால்தான். லாக் இல்லை. ஒவ்வொரு குண்டுக்கும் புதிதாகக் குறி வைக்க வேண்டும். முக்கால் விநாடி இடைவெளி அதற்குத்தான் இருக்கிறது.

ரீலோடு. ஆட்டத்தில் ஒரே ஒரு குண்டு சுட்டுவிட்டு ஆர் கீயை அழுத்திப் பாருங்கள். இரண்டாம் பாகத்தில் சிலிண்டர் வெளியே விழுந்து, ஆறு காலி உறைகள் கீழே கொட்டும். சுட்டது ஒன்று, கொட்டுவது எப்போதும் ஆறு! கையிருப்பில் குறைவதோ ஒன்றுதான். நிஜ ரிவால்வரில் சிலிண்டரைத் திறந்து கம்பியைத் தள்ளினால் சுட்டதும் சுடாததும் சேர்ந்து வெளியே வந்துவிடும், பொறுக்கி எடுத்துத்தான் போட வேண்டும். ஆட்டம் நமக்கு அந்த அளவு கருணை காட்டுகிறது. நேரத்தில் காட்டுவதில்லை. முதல் ஆட்டத்தில் ரீலோடுக்கு 2 விநாடி. பாதியில் வேறு ஆயுதத்துக்கு மாறினால் அந்த ரீலோடு ரத்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இரண்டாம் ஆட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி உண்டு. மேக்னத்தை உள்ளே வைத்துவிட்டு வேறு ஆயுதத்தை எடுத்து 3 விநாடி கழிந்தால், கையிருப்பு இருக்கும்வரை மேக்னம் தானாக நிரம்பிவிடும். அசைவுமில்லை, சத்தமுமில்லை. ஆகவே ஆறும் தீர்ந்ததும் ஆர் அழுத்தி நடுரோட்டில் நிற்காமல், கியூ கீயால் முன்பு வைத்திருந்த எஸ்எம்ஜி என்ற சிறு இயந்திரத் துப்பாக்கிக்கு மாறி, மறைவுக்குப் போய், மூன்று எண்ணிவிட்டுத் திரும்ப எடுங்கள். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசியிலும் வளைவுக்குள் போன பிறகு கியர் தேடுபவர் யாருமில்லை. முன்பே மாற்றிவிட்டுத்தான் திருப்புவார்கள். மேக்னமும் அப்படித்தான், மூலை திரும்பும் முன் நிரம்பியிருக்க வேண்டும்.

எதற்குச் சுடக்கூடாது என்பதையும் கட்டுரை தொட்டிருக்கலாம். ஹெட்கிராபுக்கு ஹெல்த் 10, இரண்டாம் ஆட்டத்தின் க்ரோபார் (கடப்பாரை) அடியும் 10. ஒரு தட்டு போதும். வெடிக்கும் பீப்பாய்க்குப் பிஸ்டலே போதும். எதிரியின் ராட்சத ஸ்ட்ரைடர், பறக்கும் கன்ஷிப் மீது பதினெட்டையும் கொட்டினாலும் கீறல் விழாது, ராக்கெட்தான் வேண்டும். முதல் ஆட்டத்தில் தலை மூழ்கும் தண்ணீருக்குள் விசையை அழுத்தினால் 'க்ளிக்' மட்டுமே வரும்.

'தொலைநோக்கி வசதி உண்டு' என்று கட்டுரை சொல்வது பாதி உண்மை. முதல் ஆட்டத்தில் பலர் சேர்ந்து ஆடும் மல்ட்டிபிளேயரில் மட்டும் வலது கிளிக்கில் பெரிதாகக் காட்டும். கதைப் பகுதியில் அதே கிளிக்குக்கு எதுவும் நடக்காது. மல்ட்டிபிளேயரில் கவசம் போடாத ஆளுக்கு ஹெல்த் 100, தலையில் ஒரு மேக்னம் 120. அங்கே இதற்கு இருக்கும் மரியாதை தனி.

கட்டுரையின் கடைசிப் பகுதியில் இந்த மேக்னத்தையும் 'கவுண்டர் ஸ்ட்ரைக்'கின் ஆர்8 ரிவால்வரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார். இரண்டும் வால்வ் ஆட்டங்கள்தான், ஆயுதம் வேறு. ஆர்8-இல் சிலிண்டருக்கு 8 தோட்டா. விசையை அழுத்திப் பிடித்தால் சுத்தி பின்னுக்குப் போன பிறகே குண்டு கிளம்பும். வலது கிளிக்கில் வேகமாகச் சுடலாம், குறி தவறும். 2015 டிசம்பரில் அது வந்தபோது உடம்பில் ஒரு குண்டுக்கே ஆள் விழுந்தார்கள். ஊரே கூச்சல் போட, சில நாட்களிலேயே அடியைக் குறைத்தார்கள். 'ஒரே குண்டில் காலி' என்ற பேச்சு அந்தச் சில நாட்களிலிருந்து வந்து இங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

இந்த எண்களை எங்கள் வார்த்தைக்காக நம்ப வேண்டாம். இரண்டு ஆட்டங்களின் கோப்புகளிலும் 'ஸ்கில்' என்ற பெயரில் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று இருக்கிறது. நோட்பேடில் திறந்து 357 என்று தேடினால் டேமேஜும், ஹெல்த் என்று தேடினால் எதிரிகளின் கணக்கும் கிடைக்கும். தட்டுவடை செட் வாங்கி வரும் நேரத்துக்குள் பார்த்துவிடலாம்.

கடைசியாக, படம். கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்தது ரிவால்வரே அல்ல. அது 1999-இல் கியர்பாக்ஸ் நிறுவனம் செய்த 'ஆப்போசிங் ஃபோர்ஸ்' விரிவாக்கத்தின் டெசர்ட் ஈகிள். அந்த விரிவாக்கத்தில் மேக்னத்தின் இடத்தை அதுதான் பிடித்துக்கொண்டது. கைப்பிடிக்குள் மேகசின், 7 தோட்டா, லேசர் புள்ளி. ரிவால்வர் என்றால் குழலுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் உருண்டையான சிலிண்டர் தெரிய வேண்டும். திருத்தம் வெளியிடுவதானால் '36' என்பதை '12' என்று மாற்றுவதோடு படத்தையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் நால்வர்,
அஸ்தம்பட்டி, சேலம்.