தேர்வு எழுதாத பிள்ளைகளையும் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024-ம் வருஷத்துப் பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு ரிசல்ட் இரண்டையும் உங்கள் பேப்பரில் முழுசாகப் படித்தேன். பிளஸ் டூவில் மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37 என்று போட்டு, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ஸ்வீட் ஊட்டும் படமும் போட்டிருந்தீர்கள். பார்க்கவே நிறைவாக இருந்தது. பத்தாவதில் நம் வேலூர் மாவட்டம் 82.07 சதவீதத்தோடு மாநிலத்திலேயே கடைசி என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தீர்கள், அதைப்பற்றி நிறைய பேர் உங்களுக்கு எழுதுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. இந்த சதவீதமெல்லாம் ஹால் டிக்கெட் வாங்கிய பிள்ளைகளை வைத்துப் போடும் கணக்கு. எட்டாவதோடும் பத்தாவதோடும் வீட்டில் உட்கார்ந்துவிட்ட பெண் பிள்ளை இதில் பாஸிலும் வரமாட்டாள், ஃபெயிலிலும் வரமாட்டாள், ஆப்சென்ட் என்றுகூட அவள் பேர் எங்கேயும் இருக்காது.

எங்களுக்குக் குடியாத்தம் பக்கம். அம்மா பீடி சுற்றித்தான் எங்களை வளர்த்தார். அக்கா ஏழாவது படிக்கும்போது வயதுக்கு வந்தாள், சடங்கு முடிந்தது, பள்ளிக்கூடமும் முடிந்தது. இனிமேல் போக வேண்டாம் என்று யாராவது வாய்விட்டுச் சொன்னார்களா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. மறுவாரம் பார்த்தால் அவள் மடியில் முறம் இருந்தது. ஈரத்துணியில் சுற்றி வைத்த இலையை எடுத்து, அதன்மேல் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடித்து நூல் கட்ட வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. நான்கு வயது இளையவளான நான் பத்தாவது வரை போனேன் என்றால் அதற்கு என் படிப்பு காரணம் இல்லை, அக்கா படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி. 1982-ல் சத்துணவு வந்தது, 1984-ல் அதைப் பதினைந்து வயது வரை நீட்டினார்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு வாய் குறைகிறதே என்று அப்பா என்னைப் பள்ளியிலேயே விட்டுவைத்தார். உண்மை அதுதான்.

அப்புறம் 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேரில் திருமண உதவித் திட்டம் வந்தது. பெண் எட்டாவது படித்திருந்தால் 5,000 ரூபாய். எங்கள் தெருவில் அதற்காகவே பெண்களை எட்டாவது முடிக்கும்வரை நிறுத்தாமல் இருந்தவர்கள் உண்டு, எட்டாவது முடிந்த கையோடு நிறுத்தியவர்களும் உண்டு. பிறகு பத்தாவது என்று மாற்றினார்கள், வீடுகளும் பத்தாவதுக்கு மாறின. 2022-ல் அதையே புதுமைப்பெண் திட்டமாக்கி, அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். நல்ல காரியம், இதனால் கல்லூரிக்குப் போன பெண்களை எனக்கே தெரியும். சர்க்கார் எங்கே கோடு போடுகிறதோ அதுவரைக்கும் பெற்றவர்கள் பிள்ளையைக் கூட்டிவருகிறார்கள், நான் கண்ணால் பார்த்தது இது. ஆனால் பத்தாவதோடு நின்றவளுக்கு இப்போது அந்தக் கல்யாண உதவியும் இல்லை, இந்த ஆயிரமும் இல்லை. கட்டாயக் கல்விச் சட்டம் பதினான்கு வயதோடு முடிந்துவிடுகிறது, அதனால் அவளைத் தேடிப் போக வேண்டிய கட்டாயம் சட்டப்படி யாருக்கும் இல்லை.

மகளிர் குழு சார்பாக நான் எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். போன வருஷம் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய ஒரு பெண் பிளஸ் ஒன் சேரவில்லை என்று கேள்விப்பட்டு அவள் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஊரில் பள்ளி பத்தாவது வரைதான், பிளஸ் ஒன்னுக்கு ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும். பஸ் பாஸ் இலவசம்தான், அதில் குறை இல்லை. ஆனால் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பிள்ளைகள் ஸ்டாப்புக்கு வருவதற்குள் சாயங்கால பஸ் போய்விடும், அடுத்தது ராத்திரி எட்டரைக்கு. "இருட்டுல வயசுப் பொண்ணு தனியா வந்துகினு இருந்தா நாலு பேரு இன்னாக்கா பேசுவாங்க?" என்று அவள் அம்மா கேட்டபோது நான் என்ன பதில் சொல்ல? சைக்கிள் தருவார்களே என்றால், பிளஸ் ஒன் சேர்ந்த பிறகுதான் சைக்கிள், என் மகளுக்கு அது கைக்கு வந்தபோது அரையாண்டுப் பரீட்சையே முடிந்துவிட்டது. சேருவதற்கே சைக்கிள் தேவைப்படுகிற பிள்ளை ஜூனில் என்ன செய்வாள்? நான் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அந்தப் பெண் தலை நிமிராமல் இலை வெட்டிக்கொண்டே இருந்தாள், பக்கத்தில் அவளுடைய டிசி பிளாஸ்டிக் கவரோடு ஆணியில் தொங்கியது. தெருமுனையில் ஷூ கம்பெனி வேன் வந்து நின்றது. 18 முடிந்ததும் இவளையும் அதில் அனுப்பப் போகிறார்களாம். கம்பெனிக்கு வாசலுக்கே வண்டி வருகிறது ஐயா, பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை.

இது 1918-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி ஆரம்பித்த மாவட்டம். 1947 வரை அங்கே ஆண்களைச் சேர்க்கவே இல்லை. அன்றைக்கே வெளியூர்ப் பெண்கள் டாக்டர் படிப்புக்காக வந்து சேர்ந்த வேலூரில், இன்று ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பிளஸ் ஒன்னுக்கு ஒரு பெண்ணால் போக முடியவில்லை. அணைக்கட்டு பக்கம் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் இதையெல்லாம் படித்தால், எங்களுக்கு ஒன்பது கிலோமீட்டர் ஒரு தூரமா என்பார்கள்.

முன்னேற்றமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பெண் எழுத்தறிவு 1991-ல் 51 சதவீதமாக இருந்தது 2011-ல் 73-ஐத் தாண்டிவிட்டது. என் மகள் நர்ஸிங் முடித்து வேலையில் இருக்கிறாள், எங்கள் அம்மாவுக்குக் கைநாட்டு. அதனால்தான் மிச்சம் இருக்கிற பிள்ளைகளை நினைத்தால் மனசு கேட்கவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த வருஷம் ரிசல்ட் போடும்போது, பிளஸ் டூ எழுதிய மாணவிகள் எத்தனை பேர், அதே பிள்ளைகள் எட்டாவது படித்த வருஷத்தில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று பக்கத்திலேயே போடுங்கள். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, கே.வி.குப்பம், அணைக்கட்டு என்று ஒன்றியவாரியாகப் போடுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் நம்பர், அதாவது பள்ளிக் கல்வித் துறை கம்ப்யூட்டர் பதிவில் கொடுக்கும் அடையாள எண், இருக்கிறது, யார் எங்கே நின்றார்கள் என்பது தெரியாத விஷயம் இல்லை. உங்கள் நிருபர் கேட்டால் கிடைக்கும், எங்களைப் போன்றவர்கள் கேட்டால் கிடைக்காது.

சாயங்கால பஸ்ஸை முக்கால் மணி நேரம் தள்ளி விடச் சொல்லி எங்கள் குழுவிலிருந்து மனு கொடுத்திருக்கிறோம். பள்ளி திறக்க இன்னும் சில வாரம்தான் இருக்கிறது, அதற்குள் அந்த வீட்டுக்கு நான் மறுபடி ஒரு தடவை போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம்