தண்ணீருக்குள் கோபுரம் எவ்வளவு ஆழம்?

திருவாரூர்
தை 24

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே இருவரும் நலம். பனிக்கு அப்பாவின் முட்டிவலி கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி சரிதான். தினம் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொல்ல இரண்டு தடவை ஆரம்பித்தேன். "சூப்பர்ம்மா" என்று சொல்லிவிட்டு நீ ஆபீசுக்கு ஓடிவிட்டாய். அப்புறம் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. முப்பது வருஷம் சிவப்பு மையால் திருத்தியவளுக்கு ஒரு கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

விஷயம் உன் கேமராவைப் பற்றியது. பீரோ மேல் நீ விட்டுப்போன பழைய நிக்கானைத்தான் சொல்கிறேன். ரிட்டயர் ஆன பிறகு காலையில் கமலாலயக் குளத்தை ஒரு சுற்று நடக்கச் சொன்னார் டாக்டர். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று பேருக்குச் சொல்லவில்லை. ஐந்து வேலி என்றால் முப்பத்து மூன்று ஏக்கர். ஒரு சுற்றே ஒன்றரை கிலோமீட்டர் வருகிறது. வெறுங்கையோடு நடக்க அலுப்பாக இருந்தது, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் தொடக்கம். இப்போது நடை நின்றுபோய், படித்துறையில் உட்காருவது மட்டும் மிச்சம்.

முதல் மூன்று மாதம் எடுத்ததெல்லாம் குப்பை. நீயே பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை. காரணம் கண்டுபிடிக்க எனக்குத்தான் நாளாயிற்று. குளம் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. மேலக்கரையில் நின்றால்தான் மேலக் கோபுரமும் அதன் நிழலும் ஒன்றாகக் கிடைக்கும். காலையில் காற்று கிடையாது, தண்ணீர் எண்ணெய் ஊற்றியது போல் அசையாமல் கிடக்கும். ஆனால் சூரியன் கோபுரத்துக்குப் பின்னாலிருந்து வருகிறான். கோபுரம் கரிக்கட்டை மாதிரி விழுகிறது. சாயங்காலம் வெயில் என் முதுகுப் பக்கமிருந்து கோபுரத்தின் முகத்தில் நேராக அடிக்கும், ஒவ்வொரு பொம்மையும் தெரியும். அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பிவிடும். நிழல் நூறு துண்டாகிவிடும். வெளிச்சம் இருக்கும்போது தண்ணீர் இல்லை, தண்ணீர் இருக்கும்போது வெளிச்சம் இல்லை.

நிழல் என்றே எழுதிக்கொண்டு போகிறேன் பார். வகுப்பில் எவனாவது பிம்பத்துக்கு நிழல் என்று எழுதினால் அரை மதிப்பெண் குறைப்பேன். குளக்கரையில் யாரும் பிம்பம் என்று சொல்வதில்லை. "கோபுர நிழல் நல்லா விழுது டீச்சர்" என்கிறாள் பூக்காரி. மரத்தடியில் விழுவதும் நிழல், தண்ணீரில் தெரிவதும் நிழல். அந்த அரை மதிப்பெண்களை எல்லாம் இப்போது திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுவேன்.

காற்று படுத்த சாயங்காலம் வருஷத்தில் பத்துப் பன்னிரண்டு கிடைத்தால் அதிகம். மழைக்கு முன்னால் புழுங்குமே, அந்த மாதிரி நாள். அன்றைக்குத் தண்ணீர் முழுக்கப் பொன்தான். சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னை இங்கேதானே எடுத்தார். எடுத்த பொன் முதலில் மாற்றுக் குறைந்திருந்ததாம், உரைத்துப் பார்க்கக் கரையிலேயே ஒரு பிள்ளையாரும் இருக்கிறார். மேற்கே தூசி மண்டின நாளில் எனக்கும் அந்த மாற்றுக் குறைந்த பொன்தான் கிடைக்கிறது. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறாயே என்று கேலி செய்வார்களே, இந்த ஊரில் அதைச் சொன்னால் கேலியாக இல்லை.

இன்னொன்று, அந்தப் பொன் நிற்கிற நேரம் குறைவு. வெயில் இறங்க ஆரம்பித்தால் அரை மணிக்குள் காரியம் முடிந்தது. மார்கழியில் நீ ஹெல்சிங்கி துறைமுகத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். நண்பகல் என்றாய். நான் நம்பவில்லை, அந்தி என்றே நினைத்தேன். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உன் ஊர் அட்சரேகை 60க்குக் கொஞ்சம் மேலே. டிசம்பர் 21 அன்று உச்சியில் இருக்கும்போதே சூரியன் தொடுவானத்திலிருந்து ஆறரை பாகைக்கு மேல் ஏறுவதில்லை. பொழுது இருக்கிற ஆறு மணி நேரமும் சாயங்கால வெயில்! நாம் 11 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறோம். சித்திரையில் தலைக்கு நேர் மேலே நிற்கிறவன், இறங்கும்போதும் கிணற்றில் வாளி விட்ட மாதிரி நேராக இறங்கிவிடுகிறான். உனக்குச் சாவகாசமாகச் சாய்ந்து போகிறான். குளிரைப் பற்றி நீ புலம்புவதை இனி பாதிதான் காதில் வாங்கிக்கொள்வேன்.

பிறந்தநாளுக்கு நீ அனுப்பின போலரைசரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லென்சில் மாட்டித் திருகினேன். ஒரு இடத்தில் வந்ததும் கோபுரம் காணாமல் போய்விட்டது. தண்ணீருக்கடியில் படி தெரிந்தது, பாசி தெரிந்தது, மீன் தெரிந்தது, யாரோ போட்ட பிளாஸ்டிக் கவர் தெரிந்தது. தண்ணீர் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 37 பாகைச் சரிவில் பார்க்கும்போது நிழலைக் கிட்டத்தட்ட முழுக்கத் துடைத்துவிடுகிறது. நிழலைத் தேடி வருகிறவளுக்கு நிழலை அழிக்கிற கண்ணாடியை அனுப்பியிருக்கிறாயே, என்ன பிள்ளையடா நீ. டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மீன் பார்க்க வேண்டுமென்றால் எடுப்பேன்.

இந்தக் கட்டோடு மூன்று படம் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். போனில் பார்க்காதே, கையில் வைத்துப் பார்.

முதல் படம், ஐப்பசி மழை விட்ட காலையில் கீழ வீதியில் எடுத்தது. தேரடிக்குப் பக்கத்தில் ரோட்டுப் பள்ளத்தில் தேங்கின தண்ணீர், ஒரு தாம்பாளம் அளவு இருக்கும். கீழக் கோபுரத்துக்குக் காலை வெயில் நேராக விழும் இல்லையா? பள்ளத்துத் தண்ணீரைக் காற்று தொடாது. வெளிச்சமும் தண்ணீரும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் ஐந்து வேலிக் குளத்தில் இல்லை, இந்தக் குட்டையில் இருக்கிறது! நின்று பார்த்தால் அதில் ஒரு துண்டு வானம்தான் தெரிந்தது. கேமராவைத் தண்ணீர் தொடுகிற மாதிரி கீழே கொண்டுபோகப் போக, கோபுரம் முழுசாக உள்ளே வந்து நின்றது. தாழ்வாகப் பார்க்கப் பார்க்கத் தண்ணீர் ஒளியை அதிகமாகத் திருப்பி அனுப்பும். நேர் கீழே குனிந்து பார்த்தால் நூற்றில் இரண்டு பங்குதான் திரும்பி வரும். அதற்காக நடுரோட்டில் ஈரத்தில் உட்கார்ந்தேன். ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். "டீச்சர், விழுந்துட்டீங்களா?" நல்ல பிள்ளை. என்னிடம் படித்தவனாம். கைகொடுத்துத் தூக்கியும் விட்டான், நான் எழுந்திருக்கத் தயாராக இல்லாதபோதே. அப்பா ஒரு வாரம் இதையே சொல்லிச் சிரித்தார்.

இரண்டாவது, மேலக்கரையில் எடுத்த சாயங்காலப் படம். மேலே இருக்கிற கோபுரத்தையும் கீழே இருக்கிற கோபுரத்தையும் அடியிலிருந்து ஒப்பிட்டுப் பார். மேலே தெரிகிற அடிப்பகுதி கீழே தெரியாது, எதிர்க்கரைச் சுவர் மறைத்திருக்கும். நிழலை மேலே இருப்பதன் நகல் என்றே நான் நினைத்திருந்தேன். நகல் இல்லை. நம் கண் தண்ணீருக்கு மேலே எவ்வளவு உயரமோ அவ்வளவு கீழே இன்னொரு கண் இருந்தால் அது எதைப் பார்க்குமோ, அதைத்தான் நிழல் காட்டுகிறது. அதனால்தான் படி இறங்க இறங்க இரண்டு கோபுரமும் ஒன்றுபோல ஆகின்றன. இந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்று உண்டு. எங்கே என்று சொல்லமாட்டேன், நீ கண்டுபிடி.

மூன்றாவதற்குத்தான் இந்தக் கடிதமே.

பொங்கல் கழிந்த நான்காம் நாள். கடைசிப் படியில் உட்கார்ந்து லென்சை 55 மி.மீ. ஜூமில் வைத்திருந்தேன். காற்று சுத்தமாக இல்லை. கோபுர நிழலின் கலசத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசிலை மிதந்தது, கை நீட்டினால் எட்டாத தூரம். கேமரா இலையைப் பிடித்துக்கொண்டது. இலையின் நரம்பெல்லாம் துல்லியம், கோபுரம் மட்டும் நனைந்த கோலம் மாதிரி கரைந்துபோய் இருந்தது. மறுபடி எடுத்தேன், அதேதான். லென்ஸ் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இலையும் தண்ணீர் மேல், நிழலும் தண்ணீர் மேல். ஒன்று தெளிவாக இருந்தால் இன்னொன்றும் இருக்க வேண்டாமா? கடுப்பில் நிஜக் கோபுரத்தின் மேல் குறி வைத்து, பாதி அழுத்தின விரலை எடுக்காமல், குவியம் மாறாதபடி கேமராவைக் கீழே இறக்கி எடுத்தேன். நிழல் கத்தி மாதிரி விழுந்தது. இலை மங்கிவிட்டது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "பொருள் சமதள ஆடிக்கு முன்னால் எவ்வளவு தொலைவில் உள்ளதோ, பிம்பம் ஆடிக்குப் பின்னால் அதே தொலைவில் தோன்றும்." முப்பது வருஷம் குண்டூசி நட்டு, கண்ணாடித் துண்டு நிறுத்தி, இந்த ஒரு வரியை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். நிழல் தண்ணீர் மேல் இல்லவே இல்லை. கோபுரம் தண்ணீருக்கு மேலே எத்தனை அடியோ அத்தனை அடி கீழே இருக்கிறது. என் கண்ணுக்கும் அதற்கும் உள்ள தூரம் எதிர்க்கரைக் கோபுரத்தின் தூரமேதான். கேமராவுக்கு அது தெரிந்திருக்கிறது. கண் தெரியாமலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு இதே குளத்தைத் தோண்டினாராம் தண்டியடிகள். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது.

அப்போதுதான் உன் எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்தது. உனக்கு மறந்திருக்காது. "டீச்சர், கமலாலயத்துல தெரியற கோபுரம் எவ்வளவு ஆழத்துல இருக்கு? குளம் அவ்வளவு ஆழம் இல்லையே?" என்று எழுந்து கேட்டாய். வகுப்பு சிரித்தது. நான் அதிகப்பிரசங்கி என்று சொல்லி உன்னை வராந்தாவில் நிறுத்தினேன். சொந்தப் பிள்ளைக்குச் செல்லம் கொடுக்கிறாள் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்கிற பயம் ஒன்று. பதில் எனக்குச் சட்டென்று வரவில்லை என்பது இன்னொன்று. அதை இன்றைக்குத்தான் ஒத்துக்கொள்கிறேன். வரி மனப்பாடமாக இருந்தது, அதுதான் பதில் என்று தெரியவில்லை. அந்தப் பீரியட் முடியும் வரை நின்றாய். வீட்டுக்கு வந்தும் நான் அதைப் பற்றிப் பேசவில்லை.

இதை எழுதி அன்றைக்கே அனுப்பியிருப்பேன். அதற்குள் கார்டு நிறைந்துவிட்டது. படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லி எதிர் வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தேன். கார்டில் உன் பழைய படங்களும் இருந்தன. 2013 பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது எடுத்தவை. அதில் அடுத்தடுத்து இரண்டு படம், அதே மேலக்கரை. ஒன்றில் மிதக்கிற பூமாலை தெளிவு, கோபுரம் மங்கல். அடுத்ததில் கோபுரம் தெளிவு, மாலை மங்கல். தற்செயல் என்று சொல்லாதே, நான் விடைத்தாள் திருத்தினவள். நீ சோதனை பண்ணிப் பார்த்திருக்கிறாய். பதிலும் கிடைத்திருக்கிறது.

அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து என்னோடுதான் உட்கார்ந்து சாப்பிட்டாய். ஏன் சொல்லவில்லை தம்பி?

பதிலைப் போனில் சொல்ல வேண்டாம், எழுது. இப்போது அங்கே தண்ணீரெல்லாம் உறைந்திருக்கும். ஐஸ் கரைந்து முதல் தண்ணீர் தெரிகிற அன்றைக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு, குறை சொல்கிறேன். என் மூன்றுக்கும் நீ குறை சொல். சிவப்பு மையிலேயே எழுதலாம்.

நார்த்தங்காய் ஊறுகாய் தனிப் பார்சலில் வருகிறது, பிரிண்ட்டில் எண்ணெய் பட்டுவிடும் என்று சேர்த்து வைக்கவில்லை. அப்பா தபாலாபீஸ் மூடிவிடும் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

அன்புடன்,
அம்மா