ஏக்கர் ரெண்டே கால் லட்சம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம். போனில் பேசினால் உன் அம்மா ஒரு பக்கம் இழுக்கிறாள், நீ ஒரு பக்கம் இழுக்கிறாய், நான் சொல்ல வந்தது நடுவில் காணாமல் போய்விடுகிறது. பத்திரம் எழுதிப் பிழைத்தவனுக்குப் பேச்சைவிட எழுத்துதான் கைவரும். அதனால் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆபீஸ் நேரத்தில் அவசரமாகப் பார்க்காமல் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படி.

சாயல்குடிப் பக்கம் 4 ஏக்கர், ஏக்கர் ரெண்டே கால் லட்சம், மொத்தம் 9 லட்சம் என்று அனுப்பியிருந்தாய். பெங்களூரில் இந்தக் காசுக்கு ஒரு பாத்ரூம்கூட வராது என்றும் சொன்னாய். சரிதான். ஆபீசில் ஆட்களைக் குறைக்கிறார்கள், நாளைக்கு நம் தலையிலும் விழுந்தால் ஊரில் கால் ஊன்ற ஒரு துண்டு நிலம் இருக்கட்டும் என்ற யோசனையிலும் எனக்குக் குறை இல்லை. உன் வயதில் எனக்கு அந்த யோசனை வரவில்லையே என்றுகூட நினைத்தேன்.

ஆனால் ஒன்று பார்த்துக்கொள். நம் சீமையில் ஒரு நிலம் மலிவாகக் கிடைக்கிறது என்றால் அதற்கு ஏதோ ஒரு காரணம் இருக்கும். அது மண்ணில் இருக்கிறதா, காகிதத்தில் இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். உப்புத் தண்ணி, முள்ளுக்காடு, மழை பெய்தால்தான் வெள்ளாமை என்பதெல்லாம் போகிறவன் வருகிறவன் கண்ணுக்குத் தெரிகிற குறை. விலையிலேயே அதைக் கழித்தாகிவிட்டது. அப்படிப்பட்ட நிலத்தைத் தெரிந்தே வாங்கலாம். காகிதத்தில் இருக்கிற குறை கிரயம் முடிந்து, புரோக்கர் கமிஷனை வாங்கிக்கொண்டு போன பிறகுதான் தலையைக் காட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சின்ன மாமாவை வண்டி எடுக்கச் சொல்லி இடத்தைப் பார்க்கப் போனேன். தார் ரோட்டை விட்டு இறங்கினால் மண் ரோடு, அதுவும் தீர்ந்து ஒற்றையடித் தடம். இதற்கு மேல் வண்டி போகாது அத்தான் என்று மாமா நிறுத்திவிட்டார். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேல் கவிந்து சட்டையைப் பிடித்து இழுக்க, நடந்தே போனோம். இடம் பொட்டல்தான். கிழக்கு ஓரத்தில் உப்புப் பூத்து வெள்ளையாகக் கிடக்கிறது. யாரோ எப்போதோ போட்ட போர்க்குழாயின் வாயில் ஒரு கல்லைத் தூக்கி வைத்து மூடியிருக்கிறார்கள். பக்கத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரியிடம் தண்ணி எப்படி என்று கேட்டேன். “அதை ஆடே மோந்து பாத்துட்டுத் திரும்பிருமே அய்யா” என்றார்.

தண்ணிக்காக நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ அங்கே தோட்டம் போடப் போவதில்லை. மழைக்கு விதைத்தால் ஒரு போகம் நெல்லும், மண் ஒத்து வந்தால் கொஞ்சம் குண்டு மிளகாயும் பார்க்கலாம், அவ்வளவுதான். என் மனதுக்கு ஒப்பாதது பாதை. புரோக்கர் அனுப்பிய படத்தில் மஞ்சள் கோடு போட்டுப் பாதை காட்டியிருக்கிறான் அல்லவா? நிலத்தின் எல்லைகளைக் காட்டுகிற சர்வே வரைபடமான புலப்படத்தை எடுத்து விரித்துப் பார்த்தேன். அந்த சர்வே நம்பரைத் தொட்டுக்கொண்டு வண்டிப்பாதை எதுவும் இல்லை, ஓடைப் புறம்போக்கும் இல்லை. நாலு பக்கமும் பட்டா நிலம். நாங்கள் நடந்து போன தடம் இன்னொருத்தர் புஞ்சையில் ஆடு போய் வருவதற்காக விட்டது. அவர் மனசு மாறி நாளைக்குக் கம்பி வேலி போட்டால் நீ உன் நிலத்துக்குப் பறந்துதான் போக வேண்டும். கோர்ட்டில் கேஸ் போட்டால் வழி கிடைக்கலாம். உனக்கு எத்தனை வயதில் கிடைக்கும் என்று மட்டும் கேட்காதே.

அடுத்து பட்டா. இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. விற்க வருகிறவர்கள் பேரன்மார் மூணு பேர். நம் பகுதி ராமநாதபுரம் ஜமீனாக இருந்து, 1948ஆம் வருஷச் சட்டத்தில் ஜமீன் போன பிறகு நிலக்காரர் நேராக அரசுக்கு வரி கட்டுகிற ரயத்துவாரி பட்டாவுக்கு வந்தது. அதற்கப்புறம் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். அளவையில் பெயர் மாறிப்போனவை, விஸ்தீரணம் குறைந்து போனவை என்று கிராமத்துக்கு நாலு வழக்கு கிடக்கும். இந்த நம்பருக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாகத்தான் வருகிறது. அதை நம்பிவிடாதே. பதிவான பத்திரம் மட்டும்தான் வில்லங்கத்தில் வரும். வாய்ப்பேச்சில் நடந்த பாகம், பெட்டியில் பூட்டி வைத்திருக்கிற பதியாத உயில், இதெல்லாம் அதில் ஏறாது. விசாரித்ததில் அந்தத் தாத்தாவுக்குப் பெண்மக்கள் ரெண்டு பேர், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருத்தர் குடும்பம் திருப்பூரில். அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்பிள்ளைக்குப் பங்கு உண்டு என்று நம் மாநிலம் 1989லேயே சட்டம் கொண்டுவந்தது, மத்தியச் சட்டம் 2005ல் திருத்தப்பட்டது, 2020ல் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்னமும் என் மேஜைக்கு முன்னால் வந்து, “பொம்பளைப் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு, எழுதுங்க” என்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கையெழுத்துகள் இல்லாமல் நீ வாங்கினால் இன்னொரு வீட்டுப் பெண்ணின் பங்கையும் சேர்த்து வாங்குகிறாய். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மூணு பேரில் ஒருத்தன் பவர், அதாவது அதிகாரப் பத்திரம், எழுதித் தருகிறேன், பிறகு கிரயம் செய்துகொள்ளலாம் என்றானாம். பவர் பத்திரத்தால் நிலம் கைமாறாது என்று 2011லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. அந்தப் பேச்சே வேண்டாம்.

அதற்கு முன்னால் மதுராந்தகம் பக்கத்து விளம்பரம் ஒன்று அனுப்பினாயே, அதைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் அறிக்கை கொடுத்து, 1892ல் தலித் மக்களுக்கென்று அரசு ஒதுக்கியது பஞ்சமி நிலம். வேறு யார் பெயருக்கும் அதை மாற்ற முடியாது. அந்த மாவட்டத்தில் விலை படுமட்டமாக ஒரு துண்டு வருகிறது என்றால் முதலில் எந்த நிலம் எந்த வகை என்று எழுதியிருக்கிற கிராமத்து ‘அ’ பதிவேட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். சட்டத்தை விடு, அவர்களிடமிருந்து போனது போதும். பூமிதான நிலம், கோயில் இனாம், அரசு நிபந்தனையோடு ஒப்படை செய்த நிலம் எல்லாம் இப்படித்தான் மலிவாக வந்து நிற்கும்.

இப்போது உன் கணக்குக்கு வருகிறேன். வேலை போனால் நிலம் கை கொடுக்கும் என்கிறாய். எப்படிக் கொடுக்கும்? நான் பத்திரம் எழுதுகிற ஆபீசில் பார்த்த ஒருவர், மனைவிக்கு ஆபரேஷன் என்று 3 ஏக்கர் மானாவாரி நிலத்தை விற்க வந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் அவசரம் தெரியும். வருகிறவர் எல்லாம் ஒரு விலை கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று டீ குடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த வாரம் அதே ஆள் இன்னும் குறைத்துக் கேட்பார். கடைசியில் கிரயம் ஆனபோது ஆபரேஷன் நகைக்கடனில் முடிந்து, அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நிலத்துப் பணம் நகையை மீட்கப் போனது. நகையை வைத்தால் அரை நாளில் காசு கையில். புஞ்சைப் பத்திரத்தைக் கொண்டுபோனால் பேங்க் மேனேஜர் மரியாதையாக உட்காரச் சொல்லிவிட்டு வேறு என்ன இருக்கிறது என்று கேட்பார். கடன் திரும்பி வராமல் போனால் வீட்டை ஏலம் விடுகிற சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது, அவர் ஏன் அதை நம்பிக் கொடுக்கப் போகிறார்?

அதனால் ஒரு வருஷச் செலவுக்கான பணம் டெபாசிட்டில் கிடக்கட்டும். அதைத் தொட்டு நிலம் வாங்காதே. அதற்கு மேல் உன்னிடம் இருப்பதில், போனால் போகட்டும் என்று பத்து வருஷம் மறந்துவிடக்கூடிய தொகை எவ்வளவோ, நிலம் அதற்குள் இருக்க வேண்டும். 9 லட்சம் அப்படிப்பட்ட தொகையா என்று நீதான் சொல்ல வேண்டும். செலவையும் சேர்த்துக்கொள். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2. பெண்கள் பெயரில் 10 லட்சம் வரை வாங்கினால் 2025 ஏப்ரலில் இருந்து பதிவில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறார்கள், ஆக உனக்கு 8. ஒன்பது லட்சத்துக்கு 72,000. புரோக்கர், அளவை, கல் ஊன்றுவது, வேலி எல்லாம் தனி. லாபமான சங்கதி ஒன்றும் இருக்கிறது. சின்ன டவுன் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர் தாண்டிய விவசாய நிலத்தை விற்றால் மூலதன ஆதாய வரி கிடையாது.

புரோக்கர் சொன்ன மற்றவற்றை அப்படியே விட்டுவிடு. பி.எம். கிசான் பணம் வருஷம் 6,000 வரும் என்றானாமே. 2019 பிப்ரவரி 1ஆம் தேதி நிலம் பெயரில் இருந்தவர்களுக்குத்தான் அது. வருமான வரி கட்டுகிற உனக்கு எப்படியும் கிடையாது. சோலார் கம்பெனி வரப்போகிறது என்பது இன்னொன்று. கமுதியில் 2016ல் 648 மெகாவாட் நிலையம் வந்தது உண்மை. அதற்கப்புறம் இந்தச் சுற்று வட்டாரத்தில் விற்கிற ஒவ்வொரு பொட்டலுக்கும் பக்கத்தில் ஒரு சோலார் கம்பெனி வந்துகொண்டேதான் இருக்கிறது, புரோக்கர் வாயில்.

ஜெர்மனி போகிற யோசனை இருக்கிறது என்றாய். அந்த அவசரம்தான் உன்னைத் துரத்துகிறது என்று தெரிகிறது. அங்கே போய்க் குடியிருந்துவிட்டால் ரிசர்வ் வங்கி அனுமதி இல்லாமல் இங்கே விவசாய நிலம் வாங்க முடியாது, இங்கே இருக்கும்போது வாங்கியதை வைத்துக்கொள்ளலாம். நீ கேள்விப்பட்டது சரி. அதற்காக கிடைத்ததை வாரிக்கொள்ளக் கூடாது. ஆள் இல்லாத நிலத்தில் முதலில் முள் ஏறும், பிறகு பக்கத்துக்காரர் வரப்பு ஏறும். 12 வருஷம் ஒருவர் எதிரிடையாக அனுபவித்து நீ கேட்காமலே இருந்தால் அவர் உரிமை கொண்டாடிக் கோர்ட்டில் நிற்கலாம். நான் இருக்கிறவரை பார்த்துக்கொள்வேன். எனக்குப் பிறகு யார் என்று இப்போதே பேசி வைக்க வேண்டும். முள்ளையும் சும்மா விட வேண்டியதில்லை. கரிமூட்டம் போடுகிறவர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை வெட்டிக்கொண்டு பணம் தருவார்கள். நிலவரிக் கிஸ்திக்கும் வேலிச் செலவுக்கும் ஆகும். பெரிதாக எதிர்பார்க்காதே.

உனக்கு வேண்டியது வந்து விழ ஓர் இடம் என்றால் எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. புஞ்சை எதற்கு? நம் பக்கத்துக் கிராமங்களில் ஆட்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய், பூட்டிக் கிடக்கிற வீடுகள் தெருவுக்கு நாலு இருக்கின்றன. ஊருக்குள் குடியிருப்புக்கென்று இருக்கிற நத்தத்தில் ஏழெட்டு சென்டோடு ஓட்டு வீடு ஒன்று, வாசலில் பஸ், கரண்டு இருக்கிறது, காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாய் இருக்கிறது. நத்தம் விவசாய நிலமும் இல்லை, ஜெர்மனி போன பிறகு வாங்குவதற்கும் தடை வராது. நாலு ஏக்கர் என்று சொல்லிக்கொள்கிற பெருமை அதில் இல்லை. ஆனால் இறங்கின அன்றைக்கே பாயை விரித்துப் படுக்கலாம்.

நிலம்தான் வேண்டும் என்றால் அதற்கும் ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. திரும்பி வரும்போது தார் ரோட்டை ஒட்டி ஒண்ணே முக்கால் ஏக்கர், ஓரத்தில் பனை நிற்கிறது. ஏக்கர் நாலு லட்சம் சொல்கிறார்கள், கொஞ்சம் இறங்குவார்கள். தனிப்பட்டா, ஒரே ஆள், 1990களில் கிரயம் வாங்கியவர், தாய்ப்பத்திரம் கையில் இருக்கிறது என்கிறார். தண்ணி இங்கேயும் உப்புதான். அது எனக்குப் பரவாயில்லை. பத்திர நகலுக்கு மனுப் போட்டிருக்கிறேன், வந்ததும் படித்துவிட்டுச் சர்வேயரை வைத்து அளக்கச் சொல்கிறேன்.

அதுவரை சாயல்குடி புரோக்கருக்கு அச்சாரம் என்று ஒரு ரூபாய்கூட ஜி-பேயில் போடாதே. ரொம்ப நச்சரித்தால் அப்பாவிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று என் நம்பரைக் கொடுத்துவிடு. டெபாசிட் எவ்வளவு இருக்கிறது, நகைக்கடன் ஏதும் பாக்கி இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு. வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பாதே, எனக்கு அனுப்பு. மாப்பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கலந்துகொள், அவருக்கு நத்தம் வீடு பிடிக்குமா புஞ்சை பிடிக்குமா என்று கேட்டுச் சொல்.

இப்படிக்கு,
அப்பா