தவறைச் சொல்ல முன்வருபவருக்கு மெமோ கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையங்களின் குறைகளைப் பேசும்போது கட்டடம், காலிப் பணியிடம், ஆம்புலன்ஸ் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறோம். நோயாளியின் கைக்குப் போகவிருந்த தவறான மருந்தை ஊழியர் கடைசி நேரத்தில் கவனித்துத் தடுத்தால், அது எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் எதிலும் ஏறுவதில்லை என்பதே அரசு மருந்தகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய நான் கண்டது.

தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் கொள்முதல் செய்யும் நிறுவனம் மாறினால் அதே மருந்தின் அட்டையும் மாறுகிறது; சில வேளைகளில் இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே வந்துவிடுகின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாத முதியவர்கள் நிறத்தை நம்பியே மாத்திரை போடுகிறார்கள். பாம்பனிலிருந்தோ தொண்டியிலிருந்தோ தொழிலுக்குப் போகும் மீனவர் ஒருவர், அழுத்த மாத்திரை என்று எண்ணி கிளிபிசைடு போன்ற சர்க்கரை மாத்திரையைக் கூடுதலாக விழுங்கிவிட்டு, வேளைக்குச் சாப்பிடாமல் வலை இழுத்தால், சர்க்கரை தாழ்ந்து படகிலேயே மயங்கக்கூடும். அங்கே 108 வராது.

இக்குழப்பத்தைக் கண்டுபிடிக்கும் செவிலியர் பக்கத்திலிருப்பவரிடம் மெல்லச் சொல்லி, அட்டைகளைப் பிரித்து வைப்பதோடு முடித்துக்கொள்கிறார். எழுத்தில் கொடுத்தால் முதலில் விளக்கம் கேட்டு மெமோ வரும், பிறகு கடுமையான தண்டனைவரை போகக்கூடிய 17 பி ஒழுங்கு நடவடிக்கை வரும் என்ற அச்சம் அவருக்கு. ஒப்பந்த ஊழியருக்கு அந்த நடைமுறைகூடக் கிடையாது. பணி நீட்டிப்பு நின்றுபோகும், அவ்வளவுதான். அடுத்த சுகாதார நிலையத்திலும் அதே அட்டைகள் அருகருகே அடுக்கப்பட்டிருப்பது யாருக்கும் தெரியாமலே போகிறது.

முதல்நிலை சிகிச்சையிலும் புறநோயாளி சிகிச்சையிலும் பத்தில் நான்கு பேர் வரை ஏதேனும் பாதிப்புக்கு உள்ளாவதாகவும், அவற்றில் 80 விழுக்காடு வரை தவிர்க்கக்கூடியவை என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2018-2025ஆம் ஆண்டுகளுக்கான தேசிய நோயாளி பாதுகாப்புச் செயலாக்கக் கட்டமைப்பும், பாதகமான நிகழ்வுகளைத் தெரிவித்து அவற்றிலிருந்து கற்கும் ஏற்பாட்டை வலியுறுத்தியது. தடுப்பூசிக்குப் பின் நேரும் பாதிப்புகளைத் தெரிவிக்கத் தனிப் படிவமும் நடைமுறையும் ஏற்கெனவே உள்ளன; அதே ஊழியர்கள்தான் அதை நிரப்புகிறார்கள். ஆகவே, அவர்களுக்கு எழுதத் தெரியாது என்று சொல்வதற்கில்லை.

குடித்துவிட்டுப் பணிக்கு வருவதையும் நோயாளியிடம் பணம் கேட்பதையும் நான் இதில் சேர்க்கவில்லை; அவற்றுக்கு 17 பி பொருத்தமானதே. நேர்மையாகப் பணி செய்கையில் நேரும் பிழையையும், நேரவிருந்து தடுக்கப்பட்ட பிழையையும் பெயர் குறிப்பிடாமல் எழுத ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு பதிவேடு வைத்து, வட்டார மருத்துவ அலுவலரின் மாதாந்திரக் கூட்டத்தில் அதைப் படித்து, அதனால் என்ன மாறியது என்பதை அடுத்த மாதமே ஊழியர்களுக்குத் தெரிவிக்க மாவட்ட சுகாதார நிர்வாகம் ஆணையிட வேண்டும். ஒன்றுபோலிருக்கும் அட்டைகளைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து மருத்துவ சேவைக் கழகத்துக்கு அனுப்பினால், அட்டையின் நிற வேறுபாட்டை அடுத்த ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாகச் சேர்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர்,
தங்கச்சிமடம், இராமநாதபுரம் மாவட்டம்.